மூன்றாவது குரூப் போட்டோ

கல்யாண வீட்டில் பெரிய மனிதர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் நகராத கூட்டம், நான் ஒரு அதட்டல் போட்டால் நகரும். "அக்கா தலையத் தூக்குங்க, சார் இன்னும் உள்ள வாங்க, அந்தக் கடைசி ஆளு யாரு, சிரிச்சா சொத்து போயிடுமா?" என்று பத்தொன்பது வருடமாக ஊரையே மிரட்டிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

என்னிடம் ஒரு லிஸ்ட் உண்டு. மொத்தம் இருபத்திரண்டு படம். முதல் படம் ஜோடி தனியாக. இரண்டாவது பெண் வீட்டார். மூன்றாவது மாப்பிள்ளை வீட்டார். நான்காவது இரண்டு வீட்டாரும் சேர்ந்து. அப்படியே போகும். ஒருமுறை வரிசையை மாற்றி எடுத்ததில் ஒரு சித்தப்பா குடும்பம் விட்டுப்போய், ஆல்பம் கொடுத்த அன்று அவர் என் ஸ்டூடியோ வாசலில் நின்று என் ஏழு தலைமுறையையும் விசாரித்தார். அன்றிலிருந்து லிஸ்ட்தான் எனக்குச் சட்டம்.

அப்படிப்பட்ட நான், அந்தச் சனிக்கிழமை காலை, பஸ் டிப்போவின் ஊழியர் மன்ற ஹாலில், எதிரே நின்ற இருவரில் யாரை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று தெரியாமல் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி விழித்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி அந்த டிப்போவில் பஸ் ஓட்டுகிறவள். இன்னொருத்தி அங்கேயே இன்ஜின் மெக்கானிக். இருவருக்கும் அன்று கல்யாணம். மெக்கானிக் என் தங்கை.

அவளை நான் கட்டெறும்பு என்றுதான் கூப்பிடுவேன். கறுப்பு, ஒல்லி, கடித்தால் விடமாட்டாள். மூன்று வாரம் முன்பு, வேலை முடிந்து கிரீஸ் வாசனையோடு ஸ்டூடியோவுக்குள் வந்தாள். எனக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாசக் கடைசி சனிக்கிழமை உனக்கு வேலை இருக்காண்ணா?"

"இல்ல. ஏன்?"

"ஒரு கல்யாணம் எடுக்கணும்."

"யாரோடது?"

"என்னோடது."

நான் சிரித்துவிட்டேன். இவள் முப்பத்தைந்து வயது வரைக்கும் கல்யாணப் பேச்சை எடுத்தாலே ஸ்பானரைத் தேடுகிறவள். "மாப்பிள்ளை யாரு?" என்றேன்.

"மாப்பிள்ளைன்னு யாரும் இல்ல. நம்ம டிரைவர்தான்."

டிரைவரை எனக்குத் தெரியும். ஆறு வருடமாக எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவள். அம்மாவோடு உட்கார்ந்து டிவி பார்ப்பாள். என் ஸ்கூட்டர் நின்றுபோனால் இரண்டு பேருமாகச் சேர்ந்து தள்ளி, என்னைக் கேலி செய்துகொண்டே சரி செய்வார்கள். "உன் ஃப்ரெண்டா?" என்று கேட்டேன்.

"ஃப்ரெண்டும்தான்."

எனக்கு முதலில் வந்தது கோபம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். முகத்தைப் பார்த்துப் பிழைக்கிறவன் நான். யார் யாரைப் பார்த்து எப்போது சிரிக்கிறார்கள் என்று கவனிப்பதுதான் என் தொழிலே. என் வீட்டுக் கூடத்தில் ஆறு வருடம் நடந்தது என் கண்ணில் படவில்லை.

"எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல," என்றேன்.

"புரியும்போது புரியட்டும்ணா. அண்ணனா வர்றது கஷ்டம்னா போட்டோகிராஃபரா வா. அம்மா கேட்டா வேலைக்குப் போறேன்னு சொல்லிக்கலாம்."

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"அத நான் பாத்துக்கறேன்," என்று எழுந்துகொண்டாள். ஸ்டூலில் கிரீஸ் ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டுத்தான் போனாள்.

அவள் சொல்லியிருக்க மாட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எங்கள் அம்மாவிடம் அவ்வளவு சுலபமாக எதையும் சொல்லிவிட முடியாது. அரசு மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா போய்ப் பதினோரு வருடமாகிறது. வீட்டை இன்னும் வார்டு போலத்தான் நடத்துகிறாள். போர்வையின் மூலை மடங்கியிருந்தால்கூடக் கூப்பிட்டு விசாரணை நடக்கும்.

அந்த மூன்று வாரமும் எனக்குள் நடந்ததை எப்படிச் சொல்வது. காலையில் எழுந்தால் 'அவள் வாழ்க்கை, அவள் இஷ்டம்' என்று தோன்றும். பல் துலக்கி முடிப்பதற்குள் 'ஊர் என்ன சொல்லும்' என்று வரும். மதியம் சாப்பிடும்போது அவள் மேல் கோபம் வரும். ஏன் கோபம் என்று யோசித்தால், ஆறு வருடம் என்னிடம் சொல்லவில்லையே என்றுதான் வரும். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுக்கொண்டால் அடுத்த கவளத்தை வாயில் போட்டுக்கொள்வேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. ஸ்டூடியோவுக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஒருவரை, பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொல்லி எடுத்து அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை அம்மாவிடம், "நாளைக்கு ஒரு கல்யாண வேலைம்மா," என்றேன்.

"யாரு வீடு?"

"டிப்போ பக்கம். உனக்குத் தெரியாதவங்க."

"ம்," என்றாள். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே துண்டை இரண்டு தடவை பிரித்து மடித்தாள். நான் அதைக் கவனித்தேன். என்னவென்று கேட்கவில்லை.

வழக்கமாக விளக்குப் பிடிக்க இரண்டு பேரைக் கூட்டிப் போவேன். அன்று யாரையும் கூப்பிடவில்லை. இரண்டு ஸ்டாண்டு, மூன்று பை எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு தனியாகப் போனேன். ஏன் தனியாகப் போனேன் என்று உங்களுக்குப் புரியும்.

ஹால் சின்னது. மேசைப் பந்து விளையாடும் மேசையை மடித்து வலது மூலையில் சாய்த்திருந்தார்கள். அதன் பக்கத்தில் ஒரு குப்பைக் கூடை. 'உள்ளே புகைபிடிக்காதீர்' என்ற பலகைக்கு மேல் ஒரு வண்ணக் கொடி. சுவரெல்லாம் அதே நிறங்களில் காகிதத் தோரணம். கல்யாணம் நடத்துகிறவர்களுக்கு அழகு, படம் எடுக்கிறவனுக்குத் தலைவலி. பச்சைத் தோரணத்துக்குக் கீழே நின்றவர் கன்னமெல்லாம் பச்சை. கொடியில் எண்ணிப் பார்த்தேன், ஆறு நிறம்தான் இருந்தது.

"வானவில்னா ஏழுல்ல? ஒண்ணு எங்க போச்சு?" என்று பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த டிப்போ ஸ்டோர்கீப்பரிடம் கேட்டேன்.

"இது இவங்கள மாதிரி ஜோடிங்களோட கொடி. இதுல ஆறுதான்," என்றார். "போன தடவை ஊர்வலத்துக்கு இதத் தூக்கிட்டுப் போனது யாருன்னு நெனச்சீங்க? நான்தான். என் வீட்டுக்காரி இன்னும் நான் கிரிக்கெட் மேட்ச்சுக்குப் போனதா நெனச்சிட்டிருக்கா."

அவருக்கு அறுபது வயது இருக்கும். பெரிய மீசை. இவருக்கும் ஊர்வலத்துக்கும் என்ன சம்பந்தம், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டது மாதிரி இருக்கிறதே என்று பார்த்தேன். அவர் என் முகத்தைப் படித்துவிட்டார். "இந்தப் பொண்ணுங்க நம்ம டிப்போ சார். அவங்க நடந்தா நாங்களும் நடப்போம். அதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று அடுத்த நாற்காலியை எடுக்கப் போனார். எனக்கு மூன்று வாரமாக அதில் யோசிக்க அவ்வளவு இருந்தது.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் எழுதி வந்திருந்த உறுதிமொழியை எல்லார் முன்னாலும் வாசித்தார்கள். கட்டெறும்பு வாசித்ததில் பாதி எனக்குக் காதில் விழவில்லை. ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிக்கொண்டேன். பிறகு அந்தத் தாள்களின் கீழே கையெழுத்துப் போட்டார்கள். அவள் விரல்களைக் கிட்டத்தில் எடுத்தேன். எவ்வளவு தேய்த்திருந்தாலும் நகக்கண்ணில் கறுப்புப் போகவில்லை.

டிப்போ மேற்பார்வையாளர் பரிசு என்று ஒரு தாளை நீட்டினார். அது வேலை அட்டவணை. அந்த டிப்போவில் கணவனும் மனைவியும் வேலை பார்த்தால் இருவருக்கும் வார ஓய்வு ஒரே நாளில் கொடுப்பது வழக்கமாம். இந்த ஆறு வருடமும் என் தங்கைக்குச் செவ்வாய், டிரைவருக்கு வெள்ளி. தொழிலாளர்கள் சேர்ந்து போய்க் கேட்டு, இப்போது இருவர் பெயருக்கும் நேரே செவ்வாய் என்று எழுதியிருந்தது. அதுவரை கல் மாதிரி நின்ற பஸ் டிரைவர் அந்தத் தாளைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். வார ஓய்வுக்கு யாராவது அழுவார்களா என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். எடுத்த பிறகும் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கவில்லை. இது என்னடா வம்பு என்று இருந்தது.

ஜோடிப் படம் முடிந்தது. யாரை வலது, யாரை இடது என்று நான் குழம்பி நின்றதைப் பார்த்துக் கட்டெறும்பே, "எப்படி நின்னாலும் சரிதாண்ணா, எடு," என்றாள். எடுத்தேன். அடுத்தது லிஸ்டில் இரண்டாவது. பத்தொன்பது வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது.

"பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் முன்னாடி வாங்க!"

டிரைவரின் வீட்டார் எழுந்தார்கள். அவளுடைய அப்பா, கணக்கு வாத்தியாராக இருந்தவர், நெட்டையாக முதலில் வந்தார். அம்மா, அத்தை, இரண்டு அண்ணன், அண்ணிகள், குழந்தைகள் என்று ஒன்பது பேர். நான் வழக்கம்போல அதட்டி அடுக்கி எடுத்தேன். அத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள், மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் இறங்கினார்கள். நான் லென்ஸைச் சரி செய்துகொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், அடுத்ததையும் கத்தினேன்.

"அடுத்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாங்க!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. "தம்பி, இங்க மாப்பிள்ளையே இல்லயே!" என்று அத்தை கத்தினாள். இன்னும் சிரிப்பு. நானும் அசடு வழியச் சிரித்தேன். சிரித்து முடித்தபோதுதான் தெரிந்தது, யாரும் எழுந்து வரவில்லை. மாப்பிள்ளை வீடு இல்லை, சரி. இன்னொரு பெண் வீடு இருக்கிறதே. அது எங்கள் வீடு.

ஸ்டோர்கீப்பர் சட்டென்று எழுந்தார். "ஏன், நாங்க இல்லியா? நாங்க வர்றோம்!" என்றார். பின்னாலேயே ஏழெட்டு மெக்கானிக்குகள் எழுந்தார்கள்.

"நீங்க உக்காருங்கண்ணா," என்றாள் கட்டெறும்பு. "ஃப்ரெண்ட்ஸ் ஏழாவது படம். அவரு லிஸ்ட மாத்த மாட்டாரு." சின்ன வயதில் எனக்கு விளக்குப் பிடித்தவள் அவள்தான். லிஸ்ட் அவளுக்கு மனப்பாடம்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. சும்மா பார்த்தாள். நான் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? இருளவில்லை. கேமராச் சட்டத்துக்குள் இடது பக்கம் டிரைவர், நடுவில் என் தங்கை, வலது பக்கம் மடித்த மேசையும் குப்பைக் கூடையும் தெரிந்தன.

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஆறு அடி இருக்கும். போய் நின்றுவிடலாம் என்று ஒரு கால் சொன்னது. நின்றால் படத்தில் விழுவேன். படத்தில் விழுந்தால் அது எங்காவது போகும். அம்மா பார்ப்பாள், சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள், நாளைக்கு ஆல்பம் போட வருகிறவர்கள் பார்ப்பார்கள். போகலாமா வேண்டாமா, சரியா தப்பா என்று மண்டைக்குள் ஒரே இரைச்சல். வாய் மட்டும் பழக்கதோஷத்தில் வேலை செய்தது.

"ரெடி. இங்க பாருங்க," என்றேன். அவள் சிரித்தாள். எடுத்துவிட்டேன்.

டிரைவர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையோடு அவள் பஸ் ஓட்டினால் குறுக்கே ஒரு வண்டி வராது. ஏதோ சொல்ல வாயெடுத்தவளைக் கட்டெறும்பு, "விடு," என்று கையைப் பிடித்துத் தடுத்தாள். என்னிடம் திரும்பி, "நாலாவது வேண்டாம்ணா. அடுத்ததுக்குப் போ," என்றாள். இரண்டு வீட்டாரும் சேர்ந்து நிற்கும் படம் அது. என் லிஸ்டில் இருந்து ஒரு படத்தை ஒருவர் அடிக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. அடித்தேன்.

மீதியை எப்படி எடுத்தேன் என்று தெரியாது. முடித்ததும் பைகளைக் கட்டினேன். கட்டெறும்பு வாசல் வரைக்கும் பின்னால் வந்தாள். "சாப்பிட்டுப் போண்ணா," என்றாள். "அடுத்த வேலை இருக்கு," என்றேன். எனக்கு அடுத்த வேலை இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை. அம்மா முன்னறையில் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். வெளியே போகும்போது உடுத்துகிற நல்ல துணி. தலை படிய வாரியிருந்தாள். மடியில் கைப்பை. கடைக்குக் கிளம்புகிறாளோ என்று நினைத்தேன்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"பசிக்கலம்மா."

"கல்யாணத்துக்குப் போயிட்டு சாப்பிடாமயா வந்த? அவ மனசு என்ன பாடுபடும்?"

"எவ மனசு?"

"உன் தங்கச்சி மனசு."

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது. கத்தவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பையை இறக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"போன மாசமே எங்கிட்ட சொல்லிட்டா," என்றாள் அம்மா. "நீ வெளியூர் வேலைக்குப் போயிருந்த. இதோ, இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தா. எல்லாத்தையும் சொன்னா. நான் கேட்டுட்டு, 'சரி, போயிட்டு வா'ன்னேன். பொண்ணு கல்யாணம்னு வந்து சொல்றா, ஏதோ சந்தைக்குப் போறவகிட்ட சொல்ற மாதிரி 'போயிட்டு வா'ன்னு சொல்லியிருக்கேன். எனக்கு வேற வார்த்தை வரல."

"நீ ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரிஞ்சா நீ குதிப்பேன்னு நெனச்சேன். நீ ஏன்டா சொல்லல?"

"நீ குதிப்பேன்னுதான்."

அம்மா மடியிலிருந்த கைப்பையைக் கீழே வைத்தாள். பிறகு கையை நீட்டினாள். "காட்டு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கையெழுத்துப் போடும் படத்தில், "நகத்தப் பாரு, ஒரு நாளாவது ஒழுங்காத் தேய்க்கறாளா," என்றாள். அட்டவணைத் தாளோடு டிரைவர் அழுகிற படத்தில், "இவ ஏன் அழறா?" என்று கேட்டாள். சொன்னேன். அந்தப் படத்தை ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது குரூப் போட்டோ வந்தது. "அந்தப் பொண்ணோட அப்பாவா? நல்ல ஒசரம்," என்று விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "ஒம்பது பேரு."

அடுத்த படத்தில் விரல் நின்றுவிட்டது.

"இது என்ன?"

"நம்ம வீட்டுப் படம்."

"ஆளக் காணோமே."

"நம்ம வீட்டுல இருந்து யாரும் வரலியேம்மா."

"நீ எங்கடா இருந்த?"

"நான்தானே எடுத்தேன்."

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. வார்டில் இரவு நேரத்தில் பேசுகிறவர்கள் மாதிரி மெதுவாகப் பேசினாள்.

"முப்பத்திரண்டு வருஷம் வார்டுல நின்னிருக்கேன். ஆள் வராத பெட் எதுன்னு வாசல்ல இருந்தே சொல்லிடுவேன். அந்த பெட்டுல இருக்கறவங்க அழ மாட்டாங்க. ஒரு சிரிப்பு சிரிப்பாங்க. 'எனக்கு ஒண்ணும் வேண்டாம் சிஸ்டர், நான் நல்லாத்தான் இருக்கேன்'னு ஒரு சிரிப்பு." திரையை என் பக்கம் திருப்பினாள். "இதோ, இந்தச் சிரிப்புதான்."

நான் பார்த்தேன். எடுத்தவனே நான்தான். இப்போதுதான் பார்த்தேன்.

"நான் போகாதது என் கோணல் புத்தி," என்றாள். "காலையில எட்டு மணிக்கே கிளம்பி உக்காந்துட்டேன். செருப்பு மட்டும் மாட்டல. மாட்டலாமா வேண்டாமான்னே மதியம் ஆயிடுச்சு. ஆனா நீ அங்கயே நின்னிருக்க. பக்கத்துல நின்னுக்கிட்டு அவள இப்படி அநாதையா எடுத்திருக்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "எல்லாம் சரிம்மா. உனக்கு இது சரின்னு படுதா? அத முதல்ல சொல்லு," என்றேன்.

"தெரியல," என்றாள். "உனக்கு?"

"எனக்கும் தெரியல."

"தெரியாதவங்க பக்கத்துல நிக்கக் கூடாதுன்னு உன் லிஸ்ட்ல எழுதியிருக்கா?"

கேமராவை அவள் கையில் இருந்து வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

"ஹால் எத்தன மணி வரைக்கும்?"

"அஞ்சு."

அம்மா எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

வழி முழுக்க ஸ்கூட்டரின் பின்னால் இருந்து என் ஹெல்மெட்டுக்குள் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். "அவங்க வீட்டுல எப்பத்துல இருந்து தெரியுமாம்?" "அவங்க அப்பா எப்படி ஒத்துக்கிட்டாரு?" "ரெண்டு பேரும் எந்த வீட்டுல இருப்பாங்க?" இதில் ஒன்றைக்கூட நான் தங்கையிடம் கேட்டிருக்கவில்லை. சிக்னலில் நின்றபோது, "அவள நான் என்னன்னுடா கூப்பிடறது?" என்றாள்.

"நான் டிரைவர்னுதான் கூப்பிடறேன்."

"அது வேலை. உறவு இல்ல," என்றாள். பச்சை விழுந்தது. யோசித்துக்கொண்டே ஓட்டினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

நாங்கள் போனபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தோரணம் பாதி கீழே கிடந்தது. கட்டெறும்பு கல்யாணத் துணியிலேயே கையை மடித்துவிட்டுக்கொண்டு நான்கு நாற்காலிகளை ஒரே நேரத்தில் தூக்கி வந்தாள். வாசலில் அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். நாற்காலியைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"யாரும் உடை மாத்தலியே?" என்றாள் அம்மா. தலைமை நர்ஸ் குரல். ஹாலில் எல்லாரும் கையில் இருந்ததை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். "எங்க வீட்டுப் படம் சரியா விழல. இன்னொரு தடவ எடுக்கணும்."

"அம்மா..."

"அழாத. அழுதா உன் மூக்கு செவந்து தக்காளி ஆயிடும். போட்டோ முடிஞ்சதும் அழு. நானும் சேந்து அழறேன்."

ஸ்டோர்கீப்பர் நாற்காலியை அவள் கையில் இருந்து வாங்கிக்கொண்டார். குப்பைக் கூடையைக் காலால் தள்ளிவிட்டார். நான் ஸ்டாண்டை விரித்துக் கேமராவைப் பொருத்தினேன். பத்து வினாடிக்குத் தானாக எடுக்கும்படி வைத்தேன். அதை இரண்டு தடவை தப்பாகத் திருகியது என் கை. ஆயிரம் கல்யாணம் எடுத்த கை.

டிரைவர் ஒதுங்கி நின்றாள். எங்கள் வீட்டுப் படம் என்று அம்மா சொன்னதில் தான் சேர்த்தியா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அம்மா அவளையும் தன் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ ஏம்மா அங்க நிக்கற?" என்றாள். "இங்க வா. எம்பக்கத்துல நில்லு."

அவள் வந்தாள். பொத்தானை அழுத்திவிட்டு நான் ஓடினேன். ஓடிப் போய் எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்று ஒன்றும் தெரியவில்லை. கட்டெறும்பு என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தினாள். விடவில்லை, பிடித்துக்கொண்டே இருந்தாள். கேமராவின் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னத் தொடங்கியது.

அம்மா டிரைவரின் கையைப் பிடித்தாள். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏன் இவ்வளவு வேகமா அடிச்சுக்குது உனக்கு?"

"பயமா இருக்கும்மா," என்றாள் டிரைவர்.

"எனக்கும்தான்டி," என்றாள் அம்மா. "நேராப் பாரு."